தங்கவயலும் தனி வளையும்

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது நம் வீட்டுப் பெரியோர் வாக்கு. வளை சிறிதாயிருப்பது குறையன்று. அது தனக்குரியதாக இல்லாமையே குறை என்பது அதன் கருத்து. இம்மூதுரையின் பொருளை நன்கறிந்தவர்கள் கோலார் தங்கவயலில் வாழும் தமிழ் மக்கள் எனலாம். பூமிக்குள் 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் வளை தோண்டி, ஏறத்தாழ 800 டன் பொன்னை வெளிக்கொணர்ந்த சமூகம் அது. ஆயினும் பூமிக்கு மேலே தமக்கென ஒரு வளை பெறுவதற்கு அவர்கள் பட்ட பாடும், இன்று படும் பாடும் கொஞ்சமல்ல.

பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் சென்ற நம் குடும்பங்கள் யாவும் இவ்வரலாற்றைச் சிறிது சிந்தித்தல் நலம். வேலையோடு வீடும் கிடைக்கிறதென்று மகிழ்ந்து குடியேறுகிறோம்; வேலை போகும் நாளில் வீடும் ஆட்டம் காணுமே என்பதை எண்ணுவதில்லை.

உத்தியோகத்தால் அளந்த வீடு

1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் தங்கவயலில் தொழில் தொடங்கினர். வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து, பெரும்பாலும் நிலமற்ற ஆதிதிராவிட மக்கள், அங்கே வந்து குவிந்தனர். அவர்களுக்காகச் சுரங்கங்களையொட்டி வரிசை வரிசையாகக் குடிசைகள் எழுந்தன. அவற்றிற்கு "லைன்" என்று பெயர். மூங்கில் தட்டிச் சுவர், தகரக் கூரை, ஓர் அறை. சமையலும் படுக்கையும் பிள்ளைப்பேறும் அவ்வோர் அறைக்குள்ளேதான். தண்ணீருக்குப் பொதுக் குழாய். மற்றவற்றிற்கும் பொது இடமே. சுரங்கத்தில் இரவும் பகலும் மூன்று ஷிப்டு வேலை நடக்கும். இரவு ஷிப்டு முடித்து வந்த தகப்பன் பகலில் உறங்க வேண்டுமானால், தாய் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்!

மறுபுறம், மேட்டு நிலங்களில் தோட்டஞ்சூழ்ந்த துரைமார் பங்களாக்கள் நின்றன. 1902-ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் அவ்வூருக்கு வந்துவிட்டது. அது சுரங்கப் பொறிகளுக்காக வந்த மின்சாரம். பங்களாவுக்கும் லைனுக்கும் இடையே எழுத்தர், மேற்பார்வையாளர் போன்றோருக்கும் குவார்ட்டர்ஸ் இருந்தன. ஆனால் எல்லாவற்றிற்கும் அளவுகோல் ஒன்றே: உத்தியோகம். குடும்பத்தில் நால்வர் இருந்தாலும் பதின்மர் இருந்தாலும், தொழிலாளிக்கு லைன் வீடு லைன் வீடுதான். மகனுக்கு மணமானாலும், மகள் பேறுகாலத்திற்கு வந்தாலும், முதிய தாய் நோயுற்றாலும் அவ்வறை ஓர் அங்குலமும் வளராது. குடும்பம் வளரும், சுருங்கும், முதுமையில் தளரும். அதற்கேற்ற பல அளவு வீடுகள் ஊரில் இல்லையெனில், மனிதர்தாம் வீட்டிற்கேற்ப ஒடுங்க நேரிடும்.

ராபர்ட்சன்பேட்டை கற்பிப்பது

அதே தங்கவயலில் வேறொரு வழியும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிளேக் நோயின் அச்சத்தைக் கண்ட பின்னர், சுரங்க எல்லைக்கு அப்பால் திட்டமிட்டு ஒரு நகர் அமைத்தார்கள். மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த டொனால்டு ராபர்ட்சன் பெயரால் அஃது ராபர்ட்சன்பேட்டை ஆயிற்று. நேர்த்தெருக்களும் குறுக்குத் தெருக்களுமாக மனைகள் பிரிக்கப்பட்டன. வணிகர் தெருப்பக்கம் கடையும் பின்கட்டில் குடித்தனமுமாகக் கட்டினர். சற்று வசதியுள்ளவர் மாடியெடுத்து வாடகைக்கு விட்டனர். பெரிய வீடும் சிறிய வீடும், சொந்த வீடும் வாடகை வீடும் ஒரே தெருவில் அக்கம்பக்கமாக நின்றன. அங்கே வீடு எந்த முதலாளியின் கையிலும் இருக்கவில்லை. தொழில் மாறினும் குடியிருப்பவர் வெளியேற வேண்டியதில்லை.

இரண்டு முறைகளுக்கும் உள்ள வேற்றுமை, சோதனை வந்த நாளில் வெளிப்பட்டது. 1956-ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மைசூர் அரசாங்கத்தின் உடைமையாயின. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. உலோகம் அருகிச் செலவு பெருகவே, 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் சுரங்கம் மூடப்பட்டது. பேட்டையின் கடைத்தெரு நலிந்தாலும், மனைக்குரியவர் மனைக்குரியவராகவே இருந்தார். லைனில் இருந்தவருக்கோ சம்பளமும் போயிற்று. தலைக்கு மேலிருந்த கூரை யாருடையது என்ற கேள்வியும் எழுந்தது. பல தலைமுறையாக வாழ்ந்த வீடுதான், நிலமோ நிறுவனத்தினுடையது.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். கணவன் விடியுமுன் எழுந்து, இரயிலேறி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு வேலைக்குச் செல்கிறான். இருட்டிய பின்னரே வீடு திரும்புகிறான். பெங்களூரிலேயே குடியேறலாமே எனில், அங்குள்ள வாடகை வருவாயில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஆகவே லைன் வீடே கதி. அதன் தகரம் துருப்பிடித்து ஒழுகுகிறது. மாற்றலாமென்று கை நீளும்போதே, "நாளைக்கு இவ்வீடு நமக்கு நிலைக்குமோ?" என்ற ஐயம் கையைப் பிடித்து நிறுத்துகிறது. நிறுவனமும் பழுது பார்ப்பதில்லை. குடியிருப்பவரும் பழுது பார்க்க அஞ்சுகிறார். உரிமை இல்லாத வீடு இப்படித்தான் சிதைகிறது.

பிற நாடுகளில் நம்மவர்

இந்த லைன் வாழ்க்கை தங்கவயலுக்கு மட்டும் உரியதன்று. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் நம்மவர் "லயம்" எனப்படும் வரிசை அறைகளிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். வேலை தோட்டத்தினது, வீடும் தோட்டத்தினது. அம்மக்கள் நெடுநாள் கேட்டு வந்தது தனி வீடும் அதனடி நிலத்திற்கு உரிமையும். அண்மை ஆண்டுகளில் குடும்பத்திற்கு 7 பேர்ச் நிலத்தோடு தனி வீடு என்ற முறை அங்கே தொடங்கியது. இந்திய அரசாங்கமும் மலையகத்தில் 4,000 வீடுகள் கட்டும் பணியை மேற்கொண்டு, 2017-இல் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தது. தேவையோடு ஒப்பிட்டால் இது சிறிதே. ஆயினும் கூரையைவிட அதனடி மண்ணின் பத்திரமே முதன்மை என்பதை அம்மக்கள் உலகறியச் செய்தனர்.

சிங்கப்பூர் மற்றொரு பாடத்தைத் தருகிறது. 1960-இல் அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. மறு ஆண்டே புக்கிட் ஹோ சுவீ தீவிபத்தில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அவர்களுக்காக விரைந்து அடுக்குமாடிகள் எழுந்தன. நாளடைவில் இரண்டறை முதல் ஐந்தறை வரை பலவகை வீடுகள் ஒரே பேட்டையில் அமைந்தன. ஏழைகளுக்கு வாடகை வீடுகளும் கட்டப்பட்டன. 1968 முதல் தொழிலாளர் தம் சேமநிதியைக் கொண்டே வீட்டின் விலையைச் செலுத்த வழி செய்யப்பட்டது. நிலத்தின் பெரும்பகுதியைத் தன் கையில் வைத்துள்ள சிறு நாட்டின் முறையை நாம் அப்படியே பெயர்த்தெடுக்க இயலாது. ஆனால் "எல்லார்க்கும் ஒரே அளவு" என்ற எண்ணத்தைக் கைவிட்டமை, எந்தச் சிறு நகரும் பின்பற்றத்தக்கதே.

செய்ய வேண்டுவன

வழிகள் நம் நாட்டிலும் இல்லாமலில்லை. 2015-இல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டம், ஐந்தாண்டுகளில் ஒரு கோடி குடும்பங்களுக்கு உதவும் நோக்குடன் 2024-இல் தொடங்கப்பட்டது. அதில் நான்கு பிரிவுகள் உண்டு: சொந்த மனையில் தாமே கட்டிக்கொள்வதற்கு உதவி, கூட்டு முயற்சியில் எழும் குறைந்த விலை அடுக்ககங்கள், கட்டுப்படியாகும் வாடகை வீடுகள், வீட்டுக் கடன் வட்டிக்கு மானியம். முதற்பிரிவின் உதவி பெறச் சொந்த மனை வேண்டும். தங்கவயல் லைன் குடும்பம் தடுக்கி விழுவது அந்தப் படியிலேதான். எனவே கன்னட நாட்டு அலுவலகங்களில் "ஹக்குப் பத்திரம்" என வழங்கும் உரிமைச் சீட்டே முதல் வேலை. நகராட்சி வரிப்பதிவான "கத்தா" மட்டும் கையிலிருந்தால் போதும் என்று சிலர் கருதுகின்றனர். கத்தா வரி கட்டுவதற்கான பதிவேயன்றி, உரிமையைத் தானே நிலைநாட்டாது.

இரண்டாவது வேலை, பலவகை வீடுகளுக்கு இடம் ஒதுக்குதல். தினந்தோறும் இரயிலேறுவோருக்கு நிலையத்தருகே சிறு வாடகை வீடுகள் வேண்டும். கற்றூசியால் மூச்சுத் திணறும் முதிய தொழிலாளருக்குப் படியேறத் தேவையில்லாத தரைத்தள வீடுகள் வேண்டும். புதுமணத் தம்பதிக்கு ஓரறை வீடும், கூட்டுக் குடும்பத்திற்குப் பின்னாளில் ஓர் அறை சேர்த்துக் கட்டக்கூடிய மனையும் வேண்டும். இவை தனித்தனி மூலைகளில் ஒதுங்கி நில்லாமல், பேட்டைத் தெருவைப்போல் கலந்து நிற்றல் சிறப்பு.

மூன்றாவது, நிலத்தை ஆராய்தல். அடியில் குடையப்பட்ட நிலம் எது, உறுதியான நிலம் எது என்று வல்லுநர் பார்த்துச் சொன்ன பின்பே அஸ்திவாரம் தோண்ட வேண்டும். பொன்னெடுத்த பின் கொட்டிய சயனைடு மேடுகளின் தூசி படியும் பக்கத்தில் குழந்தைகளைக் குடிவைத்தல் தகாது.

நம் குடும்பங்களும் வாளாவிருத்தல் ஆகாது. நிறுவனத்தின் வேலைச் சான்று, பழைய வாடகைச் சீட்டு, மின்சார ரசீது, குடும்ப அட்டை ஆகியவற்றை ஒரு பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர், அண்டை வீட்டு முதியோர்க்கும் கைம்பெண்களுக்கும் மனு எழுதித் தாருங்கள். பத்திரம் வரும் நாளில் இல்லத்தரசியின் பெயரும் அதில் இடம்பெறட்டும். கணவன் சுரங்கத்திற்குச் சென்றபோதெல்லாம் அவ்வீட்டைக் காத்து நின்றவள் அவளே.

மண்ணுக்குள் வளை தோண்டிய கரங்கள் தங்கத்தைக் கேட்கவில்லை. மண்ணுக்கு மேலே ஒரு சிறு வளை, அது தமதென்று சொல்ல ஒரு தாள், இவ்வளவே கேட்கின்றன. நியாயமான இக்கோரிக்கை நிறைவேறும் வரை, அதனை ஒரே குரலில் எடுத்துரைப்பது நம் அனைவரின் கடமையாகும்.