நிறங்களும் மனித உணர்ச்சிகளும்

பெங்களூரு நகர இரயில் நிலையத்தை அடுத்துள்ளது ஒக்கலிபுரம். அங்குள்ள இருப்புப்பாதையில் செந்நிற விளக்கு எரிந்தால் ஓட்டுநர் வண்டியை நிறுத்துகிறார். அப்பகுதியின் மணவீடுகளிலோ குங்குமத்திலும் கூறைப்புடவையிலும் விளங்கும் அதே செந்நிறம் மங்கலத்தைக் குறிக்கிறது. ஒரே நிறம் ஓரிடத்தில் அச்சத்தையும் பிறிதோரிடத்தில் உவகையையும் எழுப்புவது எவ்வாறு?

நிறவுணர்வு கண்ணில் தொடங்குகிறது. விழித்திரையிலுள்ள மூவகைக் கூம்பணுக்கள் வெவ்வேறு அலைநீளமுள்ள ஒளிக்கு வெவ்வேறு அளவில் கிளர்ச்சியுறுகின்றன. அவற்றை ஒப்பிட்டு மூளை நிறத்தை அறிகிறது. அந்நிறத்திற்குப் பொருள் சேர்ப்பதில் பழக்கத்திற்குப் பெரும் பங்குண்டு.

இதற்கு இருப்புப்பாதையின் வரலாறே சான்று. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் வெள்ளை விளக்கு 'செல்லலாம்' என்பதையும், பச்சை விளக்கு 'எச்சரிக்கை' என்பதையும் குறித்தன. செந்நிறக் கண்ணாடி உடைந்துவிட்டால் உள்ளிருக்கும் சுடர் வெள்ளையாகத் தோன்றி, நிற்கவேண்டிய வண்டியைச் செல்லத் தூண்டும். ஆதலால் வெள்ளை கைவிடப்பட்டது. பச்சை அதன் இடத்தைப் பெற்றது. பச்சையைக் கண்டதும் இன்று தோன்றும் நம்பிக்கை அவ்வாறு பழகியதாகும்.

எனினும் யாவும் பழக்கமே என்று கொள்ளுதல் பொருந்தாது. 30 நாடுகளைச் சேர்ந்த 4,598 பேரிடம் நிறப்பெயர்களைக் கூறி வினவிய ஆய்வொன்று 2020இல் வெளிவந்தது. நிறங்களோடு இணைத்துக் கூறப்பட்ட உணர்ச்சிகள் நாடுகளிடையே பெரிதும் ஒத்திருந்தன. மொழியாலும் நில அமைப்பாலும் நெருங்கிய நாடுகளிடையே ஒற்றுமை மிகுந்திருந்தது. செந்நிறத்தை அன்போடும் சினத்தோடும் ஒருங்கே பலர் இணைத்தனர்.

இவ்வுண்மை களப்பணியாளருக்கு மிகவும் பயன்படுவது. இந்தியாவில் பூச்சிமருந்துக் கலங்களின் மீதுள்ள சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை ஆகிய நிறங்களுள் ஒன்றைக் கொண்டிருக்கும். சிவப்பு கடும் நஞ்சைக் குறிக்கும். பச்சை, நச்சுத்தன்மை குறைந்ததைக் குறிக்கும். குறைந்ததாயினும் அது நஞ்சே. பச்சையைப் பயிரின் நிறமாகவும் பாதுகாப்பின் நிறமாகவும் கருதிப் பழகிய உழவர், கையுறையின்றி அதனைக் கையாள நேரலாம். ஆகவே நிறத்தைக் காட்டுவதோடு நில்லாமல், அதன் பொருளையும் எடுத்துரைத்தல் இன்றியமையாதது.

ஆசிரியர்களும் இதனைக் கருத்திற்கொள்ளுதல் நன்று. கருநிறத்தை விரும்பித் தீட்டும் சிறுவன் துயருற்றவன் என அந்நிறம் ஒன்றைக்கொண்டு முடிவு செய்தல் தகாது. மேலும், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத குறை பிறவியிலேயே சிலருக்கு, குறிப்பாக ஆண்களுக்கு, அமைவதுண்டு. கரும்பலகையில் நிறத்தோடு எழுத்தையோ வடிவத்தையோ சேர்த்துக் குறித்தால், அத்தகைய மாணவரும் பாடத்தைத் தெளிவாக உணர்வர்.