செயின்ட் லூசியா கற்பிக்கும் கூலிப் பாடம்

கரீபியன் கடலில் மார்டினிக் தீவுக்கும் செயின்ட் வின்சென்ட் தீவுக்கும் இடையே உள்ள சிறிய நாடு செயின்ட் லூசியா. பரப்பளவு 617 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஏறத்தாழ 1.8 லட்சம். காஞ்சிபுரம் மாநகரை ஒத்த இந்த மக்கள்திரளிலிருந்து இருவர் நோபல் பரிசு பெற்றிருக்கின்றனர். பொருளாதாரத்துக்காக 1979-இல் ஆர்தர் லூயிஸ். இலக்கியத்துக்காக 1992-இல் டெரிக் வால்காட். லூயிஸ் பிறந்தது 1915-இல், வால்காட் 1930-இல். ஆனால் இருவருக்கும் பிறந்த நாள் ஜனவரி 23. தீவு விடுதலை பெற்றதும் லூயிஸ் பரிசு பெற்ற அதே 1979-இல்தான்.

பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் இடையே 14 முறை கைமாறியதாகச் சொல்லப்படும் இந்தத் தீவு, 1814-இல் பிரிட்டன் வசமே நிலைத்தது. கரும்புத் தோட்டங்களில் முதலில் ஆப்பிரிக்க அடிமைகள் உழைத்தனர். அடிமை முறை ஒழிக்கப்பட்ட பின்னர், 1859 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கொண்டுவரப்பட்டனர்.

லூயிஸ் ஆசிரியத் தம்பதியின் மகன். ஏழு வயதில் தந்தையை இழந்தார். தாய் கடை நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார். பொறியாளராக விரும்பிய அவர், கறுப்பினத்தவருக்கு அத்துறையில் வேலை கிடைக்காது என்பதால் லண்டனில் வணிகவியல் பயின்றார். தன் மண்ணில் கண்ட ஒரு முரண் அவரை விடவில்லை. ஏக்கருக்குக் கரும்பு விளைச்சல் பன்மடங்கு பெருகியும், கரும்புத் தொழிலாளி மட்டும் ஏன் வெறுங்காலுடன் நடக்கிறான்?

1954-இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை இதற்கு விடை தந்தது. தோட்ட முதலாளி தரும் கூலியைத் தீர்மானிப்பது தோட்டத்தின் விளைச்சல் அன்று. தொழிலாளி அங்கு வராமல் தன் குடும்பத் தொழிலிலேயே இருந்திருந்தால் கிடைக்கும் வருவாய்தான். அதைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதலாகத் தந்தால் போதும், வேண்டிய ஆள்கள் வந்துவிடுவார்கள். எனவே, மரபுத் துறை ஏழையாக இருப்பது நவீனத் துறையின் முதலாளிக்கு ஆதாயம். உபரி உழைப்பாளர் தீர்ந்த பிறகே கூலி உயரத் தொடங்கும்.

இந்தக் கோட்பாட்டை விளக்க எங்கள் சின்ன காஞ்சிபுரத்தைவிடச் சிறந்த இடம் இல்லை. வரதராஜப் பெருமாள் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் தறி என்பது குடும்பத் தொழில். ஒருவர் நெய்ய, கோர்வைக் கரைக்கு உதவியாளர் ஒருவர் வேண்டும். தார் சுற்ற வீட்டுப் பெண்கள் வேண்டும். சேலைக்குக் கிடைக்கும் ஒரே கூலியை எல்லோரும் பகிர்ந்துகொள்கின்றனர். 2019-20-ஆம் ஆண்டின் தேசியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் மாத வருவாய் 5,000 ரூபாய்க்கும் குறைவு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைப் பேருந்துகளில் நெசவாளரின் பிள்ளைகள் ஏறுவதில் வியப்பில்லை. அதைத் தவறென்று சொல்லவும் எவருக்கும் உரிமை இல்லை.

ஆயினும், லூயிஸின் கோட்பாட்டில் ஓர் இடைவெளி உண்டு. மரபுத் துறையிலிருந்து ஆள்கள் வெளியேறினாலும் அதன் உற்பத்தி பெரிதாகக் குறையாது என்பது அவரது அனுமானம். கூலி வேலைக்கு அது பொருந்தலாம். பல்லாண்டுப் பயிற்சியில் கைவரும் கோர்வை நெசவுக்குப் பொருந்தாது. ஒரு தலைமுறை தறியைக் கைவிட்டால், அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்க ஆளிருக்காது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறோம். அது பெயரைக் காக்கும். நெய்யும் கையைக் காக்காது.

ஆகவே, நெசவாளர் கூலியை உயர்த்துவதைச் சலுகை என்றோ, பழம்பெருமைக்குச் செலுத்தும் காணிக்கை என்றோ கருதுவது பிழை. லூயிஸின் தர்க்கப்படி, தறியின் வருவாய் உயர்ந்தால் தொழிற்சாலை வாயிலில் பேசப்படும் ஊதியமும் உயர வேண்டும். கூட்டுறவுச் சங்கங்களின் கூலி விகிதத்தை விலைவாசியோடு இணைத்து ஆண்டுதோறும் திருத்துவதும், உதவியாளருக்கும் தார் சுற்றுவோருக்கும் தனிக்கூலி கணக்கிடுவதும் அதற்கான முதற்படிகள். தறியில் அமர்வதா, பேருந்தில் ஏறுவதா என்பதை வறுமை அன்றி, விருப்பமே முடிவு செய்யும் நிலை வர வேண்டும்.