கடைக்காரருக்கு உங்கள் நம்பர் எதற்கு?

புணேயின் மகாத்மா ஃபுலே சந்தையில் (ஊரார் வாயில் ‘மண்டயி’) பத்து ரூபாய்க்குக் கொத்தமல்லி வாங்கினாலும் கியூஆர் அட்டையைத்தான் காட்டுகிறார்கள். பணம் போனதும் தராசுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டி மராத்தியில் தொகையைச் சொல்லும். கடைக்கார அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த கட்டைப் பிரிப்பார். சில்லறைத் தகராறே இல்லை. 2016-இல் வந்த யுபிஐ, 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியதில் இந்த நிம்மதிக்குப் பெரிய பங்கு உண்டு.

‘பணம் பத்திரமா?’ என்று எல்லோரும் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். இதே ஊரின் காஸ்மாஸ் வங்கியில் 2018 ஆகஸ்டில் கணினி வழியே புகுந்து சுமார் 94 கோடி ரூபாயைச் சுருட்டினார்கள். ஆனால் அது களவு. அந்தரங்கம் வேறு சங்கதி. பைசா குறையாமல் இருக்கும்போதே, நீங்கள் எந்த மருந்துக்கடைக்கு எத்தனை முறை போனீர்கள் என்பது இன்னொருவருக்குத் தெரிந்துவிடலாம். ‘மறைக்க என்ன இருக்கிறது?’ என்பவர்களிடம் நான் சொல்வது: அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது, ஒளிப்பதற்கு ஏதோ வைத்திருப்பவர்களுக்காக மட்டும் அல்ல.

யாருக்கு என்ன தெரிகிறது? வங்கிக்கும் செயலிக்கும் கணக்கு தெரியாமல் பணம் நகராது. கடைக்காரருக்கு உங்கள் பெயர் போகும். யுபிஐ முகவரியும் போகக்கூடும். அந்த முகவரியே உங்கள் செல்நம்பராக இருந்தால்தான் வம்பு. முன்பின் தெரியாத கடையில் டீ குடித்த ஒரு பெண்ணின் நம்பர் அங்கேயே தங்கிவிடும். பல செயலிகளில் நம்பர் இல்லாத முகவரியை நாமே வைத்துக்கொள்ளலாம்; இரண்டு நிமிட வேலை. வசதி ஒரு துளியும் குறையாது.

சில்லறைச் செலவுக்கு யுபிஐ லைட் இருக்கிறது. அதில் பணம் ஏற்றியது மட்டுமே பாஸ்புக்கில் வரும். ஒவ்வொரு டீயும் வராது. ஆனால் செயலிக்கு அது தெரிந்துதான் இருக்கும்.

நம்பர் அதிகம் கசிவது உண்மையில் பில் போடும் இடத்தில். புணேயின் லட்சுமி ரோட்டில் புடவை எடுத்தாலும் ‘மொபைல் நம்பர்?’ என்பார்கள். வாடிக்கையாளரை வற்புறுத்தக் கூடாது என்று 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் துறை கடைகளுக்கு அறிவுறுத்திவிட்டது. தயங்காமல் மராத்தியிலேயே சொல்லுங்கள்: ‘நம்பர் நகோ, பில் த்யா’ (நம்பர் வேண்டாம், பில் கொடுங்கள்).