லாரி குளிர்விப்பதில்லை

டிரைவர் கேபினுக்கு மேலே, பெட்டியின் நெற்றியில் துருத்திக்கொண்டு நிற்கும் அந்த மிஷினைப் பார்த்தால் யாருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: உள்ளே இருக்கும் சரக்கை அது குளிர வைத்துக்கொண்டே போகிறது. சரக்கு அனுப்புகிறவர்களில் பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். ரீஃபர் எனப்படும் இந்தக் குளிர்பதன வண்டியில் சரக்கு கெட்டுப்போகும் கதைகளில் பாதி இந்த நம்பிக்கையில்தான் தொடங்குகிறது. சரக்கைக் குளிர்விப்பது அந்த மிஷினின் வேலையே அல்ல. ஏற்கெனவே குளிர்ந்து வந்த சரக்கு வழியில் சூடேறாமல் பார்த்துக்கொள்வதற்கு மட்டுமே அதை அங்கே பொருத்தியிருக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். 6 மீட்டர் நீளம், 2.2 மீட்டர் அகலம், அதே அளவு உயரம் உள்ள பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேல், கீழ், நான்கு பக்கம் எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 62 சதுர மீட்டர் பரப்பு வரும். வெளியே சித்திரை வெயில் 40 டிகிரி, உள்ளே ஐஸ்கிரீமுக்காக மைனஸ் 18 டிகிரி. ஆக வித்தியாசம் 58 டிகிரி. நன்றாகக் கட்டிய பெட்டியில், ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் ஒரு சதுர மீட்டர் வழியே 0.4 வாட் வெப்பம் உள்ளே நுழையும். பெருக்கினால் சுமார் 1,450 வாட். ஒன்றரை இஸ்திரிப் பெட்டியை உள்ளே ஓயாமல் எரியவிட்டதற்குச் சமம். மிஷினுக்கு இது பெரிய சுமை இல்லை.

இப்போது அதே பெட்டியில் 5 டன் கேரட்டை ஏற்றுவோம். இருக்க வேண்டியதைவிட 10 டிகிரி அதிகச் சூட்டோடு அது ஏறிவிட்டது. அந்த 10 டிகிரியை 6 மணி நேரத்தில் இறக்க வேண்டுமானால் 9,000 வாட் வெப்பத்தை மிஷின் தொடர்ந்து வெளியே தள்ளியாக வேண்டும். உள்ளே 4 டிகிரி வைத்திருந்தால் சுவர் வழியே வருவது 900 வாட்தான். அதைப் போலப் பத்து மடங்கு வேலையைச் சரக்கே கொண்டுவந்து தலையில் கட்டுகிறது. போதாக்குறைக்கு, பறித்த பிறகும் காய்கறி மூச்சு விடும். அந்த மூச்சிலும் வெப்பம் உண்டு.

மிஷினே இல்லாமல் சுவரை மட்டும் நம்பிக் குளிரைக் கடல் கடத்திய காலம் ஒன்று இருந்தது. 1833 மே மாதம் ‘டஸ்கனி’ என்ற பாய்மரக் கப்பல் பாஸ்டனிலிருந்து 180 டன் ஐஸ் கட்டிகளோடு கிளம்பியது. அனுப்பியவர் பிரெடரிக் டியூடர். கப்பல் பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்டி நான்கு மாதம் கழித்துக் கல்கத்தாவில் நின்றபோது, 100 டன் கரையாமல் இருந்தது. கப்பலின் அடித்தளத்தில் இரட்டைப் பலகைச் சுவர் எழுப்பி, நடுவே தோல் பதனிடும் இடங்களில் கழித்துப்போட்ட மரப்பட்டைத் தூளை நன்றாகக் காயவைத்து அடைத்திருந்தார்கள். செய்த ஏற்பாடு அவ்வளவுதான். அந்த வியாபாரத்துக்காக டியூடர் 1842-ல் சென்னைக் கடற்கரையில் எழுப்பிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம்.

மரப்பட்டைத் தூளும் இன்றைய ‘பஃப்’ பேனலும் செய்கிற வேலை ஒன்றுதான்: காற்றையோ வாயுவையோ நகரவிடாமல் சின்னச் சின்ன அறைகளில் சிறைவைப்பது. பாலியூரித்தேன் நுரையின் நுண்ணறைகளில் இருக்கும் வாயு, காற்றைவிடவும் மந்தமாக வெப்பத்தைக் கடத்தும். ஆனால் அந்த வாயு மெல்ல மெல்லக் கசிந்து, அதன் இடத்தில் காற்று புகுந்துவிடும். ஆண்டுக்குச் சில சதவீதம் காப்புத்திறன் இப்படியே போகும். அதனால்தான், ஐரோப்பிய நாடுகள் 1970-ல் ஜெனிவாவில் கையெழுத்திட்ட ‘ஏடிபி’ ஒப்பந்தத்தின் கீழ் ஓடும் வண்டிகளை 6 ஆண்டிலும் 9 ஆண்டிலும் மறுபடி சோதிக்கிறார்கள். மேலே போட்ட கணக்கில் வந்த 0.4 என்பது, உறைந்த சரக்கு ஏற்றும் பெட்டிக்கு அந்த ஒப்பந்தம் விதித்த உச்ச வரம்பு.

வயதைவிட வேகமாகப் பேனலைக் கொல்வது தண்ணீர். ஃபோர்க்லிஃப்ட் முள் ஒரு இடத்தில் குத்திவிட்டால் வெளித் தகட்டில் சின்ன ஓட்டைதான் தெரியும். பெட்டியைக் கழுவும்போதெல்லாம் அதன் வழியே தண்ணீர் இறங்கி நுரை நனையும். நனைந்த நுரை வெப்பத்தைத் தடுக்காது. வண்டியின் எடையையும் கூட்டும். சரக்கைக் கட்டி நிறுத்த வேண்டும் என்று உட்சுவரில் யாரோ முடுக்கிய ஸ்க்ரூவும் இதே கேட்டைச் செய்யும். உலோகம் வெப்பத்தைக் கடத்துவதில் நுரையைவிடப் பல நூறு மடங்கு கெட்டி.

அடுத்தது கதவு. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. பகலில் ஒருவர் உள்ளே நிற்க, கதவைச் சாத்த வேண்டும். எங்கே வெளிச்சம் தெரிகிறதோ அங்கே குளிர் போகிறது. (கதவை வெளியிலிருந்து திறக்க இன்னொருவர் நிற்பது அவசியம்.) கடை கடையாக நிறுத்திச் சரக்கு இறக்கும் வண்டிகளுக்குச் சுவரைவிடக் கதவுதான் பெரிய எதிரி. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கனமான குளிர்காற்று கீழ்வழியே கொட்டிப்போக, மேல்வழியே ஈரக்காற்று புகும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் அந்த ஈரம் மிஷினின் குளிர்ச்சுருள் (காயில்) மேல் பனியாகப் படிந்து காற்றை அடைத்துவிடும். ஏற்றி இறக்கும்போது மிஷினை அணைத்துவிடச் சொல்வதற்குக் காரணம் இதுதான். கதவு திறந்திருக்க விசிறி சுற்றினால், வெளிக்காற்றை அதுவே உள்ளே இழுத்துவரும்.

பெட்டிக்குள் காற்றுக்கு ஒரு பாதை உண்டு. முன்பக்கம் மேலே கிளம்பும் குளிர்காற்று கூரையை ஒட்டிப் பின்கதவு வரை போய், சரக்கின் அடிவழியாகத் திரும்பி மிஷினுக்கு வர வேண்டும். தரையில் நீளவாக்கில் பள்ளங்கள் வைத்திருப்பது அதற்காக. இன்னும் பத்துப் பெட்டி ஏற்றலாமே என்று கூரை முட்ட அடுக்கினால், காற்று பாதி வழியிலேயே கீழிறங்கித் திரும்பிவிடும். மிஷினுக்குத் திரும்பும் காற்று ஜில்லென்று இருக்கும். கேபினில் எண்ணும் சரியாகக் காட்டும். கதவோரச் சரக்கு மட்டும் வெந்துகொண்டிருக்கும். அந்த எண் சொல்வது காற்றின் வெப்பநிலையை. சரக்கின் நிலை தெரிய வேண்டுமானால் கம்பி வெப்பமானியைச் சரக்குக்குள் செருகித்தான் பார்க்க வேண்டும்.

மிஷின் நெற்றிக்கு ஏறியதற்கும் ஒரு கதை இருக்கிறது. 1930-களின் அமெரிக்காவில் கோழியும் இறைச்சியும் ஐஸையும் உப்பையும் நம்பித்தான் லாரியில் போயின. அதை மாற்றியவர் பிரெடரிக் மெக்கின்லி ஜோன்ஸ். 1893-ல் பிறந்த கறுப்பினத்தவர். பள்ளிப் படிப்பைச் சிறுவயதிலேயே விட்டு, மெக்கானிக் வேலையைத் தானாகக் கற்றவர். மினியாபொலிஸில் சினிமா ஒலிக்கருவி செய்துவந்த ஜோசப் நுமெரோவிடம் வேலை பார்த்தபோது, சாலைக் குலுக்கலைத் தாங்கும் குளிர்பதன மிஷினை 1938 வாக்கில் செய்தார். முதல் மிஷினை லாரியின் அடியில் பொருத்தினார்கள். சாலைச் சேறும் புழுதியும் அதை அடைத்துக்கொண்டன. பிறகுதான் அது பெட்டியின் முன்பக்கம் மேலே போனது. அவர்கள் தொடங்கிய நிறுவனம்தான் தெர்மோ கிங். ஜோன்ஸ் 1961-ல் இறந்தார். முப்பது ஆண்டு கழித்து, 1991-ல், அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் அவர் பெயருக்கும் நுமெரோ பெயருக்கும் வழங்கப்பட்டது.

மிஷின் எவ்வளவு தேறினாலும் அதன் சுவிட்ச் மனிதர் கையில் இருக்கிறது. பெரிய வண்டிகளில் அதற்கென்று தனி டீசல் இன்ஜின் உண்டு. வாடகையில் டீசல் செலவும் அடக்கம் என்றால், இரவில் நாலு மணி நேரம் அணைத்துவைத்து, ஊர் நெருங்கும்போது போட்டுக்கொள்ளும் ஆசை வரத்தானே செய்யும்? சின்ன வண்டிகளில் கம்ப்ரஸர் லாரி இன்ஜினிலேயே பெல்ட் போட்டு ஓடுவதால், சாப்பிட வண்டியை அணைத்தாலே குளிரும் நின்றுவிடும். டிரைவரைத் திட்டிப் பயனில்லை. டீசலைத் தனிக் கணக்காகக் கொடுத்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை வெப்பநிலையைப் பதியும் லாகரைப் பொருத்திய கம்பெனிகளில் இந்தப் பழக்கம் தானாகக் குறைகிறது.

லாகர் இல்லாவிட்டாலும் ஐஸ்கிரீம் காட்டிக்கொடுத்துவிடும். உருகி மறுபடி உறைந்த கப்பைத் திறந்தால், மூடிக்குக் கீழே ஐஸ்கிரீம் அமுங்கி ஒரு இடைவெளி தெரியும்; வாயில் போட்டால் மணலாக நெருடும். இந்தத் தொல்லைக்காகவே சில ஐஸ்கிரீம் வண்டிகளின் உட்சுவரில், உப்புக்கரைசல் அடைத்த தட்டையான தகடுகளைப் பொருத்துகிறார்கள். இரவு முழுக்க கரண்டில் செருகி அந்தக் கரைசலை உறைய வைத்துவிட்டால், பகலெல்லாம் அது மெல்ல உருகிக் குளிர் கொடுக்கும். அணைக்க அதில் சுவிட்ச் எதுவும் கிடையாது.

குளிர் கூடினாலும் ஆபத்துதான். தேனி மாவட்டத்தின் ஜி9 வாழைக்கு 13, 14 டிகிரி போதும். அதற்குக் கீழே போனால் தோல் சாம்பல் பூத்து, பழம் ஒழுங்காகப் பழுக்காது. தடுப்பூசி விஷயம் இன்னும் நுட்பமானது. ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட் போன்றவை 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெயிலில் சற்று நேரம் இருந்தாலாவது ஓரளவு தாங்கும். ஒருமுறை உறைந்துவிட்டால் மருந்து வீண். உருகிய பிறகு பார்வைக்குப் பழையபடிதான் இருக்கும். சந்தேகம் வந்தால் குப்பியைக் குலுக்கி வைத்துப் பார்ப்பார்கள்; உறைந்து கெட்டதில் திப்பித்திப்பியாகத் திரண்டு சீக்கிரம் அடியில் தங்கும்.

வண்டிகள் போதவில்லை என்பது நாட்டில் வழக்கமாகக் கேட்கும் குறை. நபார்டின் ஆலோசனை நிறுவனமான நாப்கான்ஸ் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 62,000 ரீஃபர் வண்டி தேவைப்படும் இடத்தில் 9,000 மட்டுமே இருந்தன. அதே ஆய்வில் அதிகம் பேசப்படாத இன்னொரு வரியும் உண்டு. பறித்த காய்கனியைத் தரம் பிரித்து, வண்டியில் ஏற்றும் முன்பே குளிர்விக்கும் பேக் ஹவுஸ்கள் 70,080 வேண்டும், இருந்தவை 249.