அரிக்கமேட்டில் காதில் மாட்டிக்கொண்டு நடக்க ஓர் ஒலிக்குறிப்பு

ரோம், பாம்பெய் பக்கம் போய் வந்தவர்கள் ஒலி வழிகாட்டி பற்றிச் சொல்லியிருப்பார்கள். ஃபோனில் கோப்பை இறக்கிக்கொண்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நம்ம வேகத்திலேயே நடக்கலாம். "இந்த மூலையில் நில்லுங்க, இடப்பக்கம் இருப்பது ரொட்டிக்கடை அடுப்பு, பக்கத்தில் மாவரைக்கிற கல்" என்று குரல் சொல்லும். திரும்பினால் அடுப்பும் கல்லும் அங்கேயே இருக்கும். கைடு தேவையில்லை, கூட்டத்தோடு ஓட வேண்டியதில்லை.

நம்ம பக்கத்திலும் ரோமானியத் தொடர்புள்ள இடம் ஒன்று இருக்கிறது. சிதம்பரத்திலிருந்து கடலூர் வழியாகப் புதுச்சேரி போகும் சாலையில், கடலூர் தாண்டி சுமார் 20 கி.மீ. போனால் அரியாங்குப்பம். அங்கிருந்து காக்காயந்தோப்புப் பக்கம் திரும்பினால் அரிக்கமேடு. இந்த இடத்துக்கு ஏழு சிறிய ஒலிக்குறிப்புகள் தயாரித்து, வீட்டில் உள்ளவர்களையும் நண்பர்களையும் கேட்டுக்கொண்டே நடக்க வைத்துப் பார்த்தேன். அதற்காகப் படித்ததையும், எதைச் சொல்வது, எதை எப்படிச் சொல்வது என்று யோசித்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் சிக்கல்: கண்ணுக்குத் தெரிவது ரோமானியம் இல்லை

அரிக்கமேட்டுக்குப் போனால் என்ன தெரியும்? தென்னை, மா, ஆறு. மரங்களுக்கு நடுவே ஒரு பழைய செங்கல் கட்டடத்தின் இடிபாடு. வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், "ரோமானியர் கட்டிய சுவர்" என்று தலைப்பும் போடுகிறார்கள். அது 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மிஷனரிகள் கட்டிய கட்டடத்தின் மிச்சம். ரோமானியப் பேரரசோடு அதற்கு ஒரு தொடர்பும் கிடையாது.

ரோமானியத் தொடர்பைக் காட்டும் பொருள்கள் மண்ணுக்கு அடியிலிருந்து வந்தவை. தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள். கிடைத்த பொருள்களில் ஒரு பகுதியைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஆக, பாம்பெய் மாதிரி "இதோ பாருங்க" என்று சொல்லும் ஒலிக்குறிப்பு இங்கே எடுபடாது. "இங்கே நில்லுங்க, உங்கள் காலுக்குக் கீழே என்ன கிடைத்தது என்று சொல்கிறேன்" என்றுதான் சொல்ல முடியும். பார்க்க எதுவும் இல்லாத இடத்துக்குத்தான் குரல் அதிகம் தேவை என்பது என் எண்ணம்.

எப்படித் தெரியவந்தது

1769-இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்ப்பதற்காகப் புதுச்சேரிக்கு வந்தவர் லெ ஜான்தி என்ற பிரெஞ்சு வானியலாளர். அன்றைக்கு மேகம் மூடி அவரால் பார்க்க முடியாமல் போனது தனிக்கதை. இந்த ஆற்றங்கரையில் ஊர்மக்கள் பெரிய பழங்காலச் செங்கற்களைப் பெயர்த்தெடுப்பதைக் குறித்து வைத்தவர்களில் அவரும் ஒருவர்.

1937-இல் புதுச்சேரியில் இருந்த ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞருக்கு இங்கிருந்து மணிகள் கிடைத்தன. அவற்றோடு மனிதத் தலை செதுக்கிய ஒரு சிறு கல்லும் வந்தது. அது ரோமானியப் பேரரசர் அகஸ்டஸின் தலை என்று அவர் கருதினார்.

1944-இல் இந்தியத் தொல்லியல் துறைத் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தின் ஓர் அலமாரியில் ஆம்போரா சாடியின் துண்டைப் பார்த்தார். ஆம்போரா என்றால் திராட்சை மது, எண்ணெய் போன்றவற்றைக் கப்பலில் அனுப்பும் இரட்டைக் கைப்பிடிச் சாடி. எங்கிருந்து வந்தது என்று விசாரித்துப் புதுச்சேரிக்கே போய்விட்டார். அங்கே நூலகத்தில் வைத்திருந்த ஓடுகளில் அரிட்டைன் வகையைக் கண்டதும் அவருக்குப் புதையல் கிடைத்த மாதிரி. 1945-இல் தோண்டினார். அப்போது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது.

அரிட்டைன் ஓட்டுக்கு ஏன் அவ்வளவு மதிப்பு? இத்தாலியின் அரெட்ஸோ ஊர்ப் பெயரால் அழைக்கப்படும் பளபளப்பான சிவப்புப் பாத்திரம் அது. குயவர் பெயர் முத்திரையும் குத்தியிருப்பார்கள். எந்த ஆண்டுகளில் செய்தார்கள் என்பது ஐரோப்பாவில் ஏற்கெனவே நன்றாகத் தெரியும்: கி.மு. முதல் நூற்றாண்டிலிருந்து கி.பி. முதல் நூற்றாண்டு நடுப்பகுதி வரை. அப்படியானால் அதே மண் அடுக்கில் கிடக்கும் நம்ம ஊர்ப் பானைக்கும் காலம் சொல்லலாம். தென்னிந்தியத் தொல்லியலுக்கு அப்போது அப்படி ஓர் ஆதாரப்புள்ளி இல்லை. ஒரு கைப்பிடி வெளிநாட்டு ஓடு நமக்கு நாள்காட்டியாக வேலை செய்தது.

தலைப்பிலிருந்து காணாமல் போன சொல்

வீலர் 1946-இல் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பு அரிக்கமேட்டை "இந்தோ-ரோமானிய வணிக நிலையம்" என்றது. அதன்பின் 1947 முதல் 1950 வரை ழான்-மாரி கசால் தோண்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து தோண்டின. அவர்களின் அறிக்கை 1996-இலும் 2004-இலும் இரண்டு தொகுதிகளாக வந்தது. அதன் தலைப்பில் இருப்பது "அரிக்கமேடு என்னும் பழந்துறைமுகம்" என்பதுதான். ரோமானிய என்ற சொல் இல்லை.

ரோமானியத் தொடர்பை யாரும் மறுக்கவில்லை. அந்தப் பொருள்கள் வருவதற்கு முன்பே இங்கே ஊர் இருந்தது, அவை நின்ற பிறகும் வாழ்க்கை தொடர்ந்தது என்று தெரியவந்ததுதான் காரணம். கசால் ஆழமான அடுக்குகளில் உள்ளூர் மக்களின் குடியிருப்பைக் கண்டார். பெக்லி அந்தக் காலக்கோட்டை இரு பக்கமும் நீட்டினார்.

இன்னொரு மாற்றமும் உண்டு. ரௌலட்டட் என்ற வகைத் தட்டுகளின் உள்பக்கத்தில், சின்னச் சக்கரத்தை உருட்டிப் பதித்த மாதிரி புள்ளி வளையங்கள் இருக்கும். இவையும் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வந்தவை என்று வீலர் நினைத்தார். பிந்தைய ஆய்வுகளும் மண் பகுப்பாய்வும் இவை இந்தியாவிலேயே செய்யப்பட்டவை என்று காட்டின. ஆனாலும் இன்றைக்கும் எங்கே ஒரு ரௌலட்டட் ஓடு கிடைத்தாலும் "ரோமானியப் பானை கண்டுபிடிப்பு" என்று எழுதிவிடுகிறார்கள்.

ஏழு நிறுத்தங்கள்

1. தோப்பு நுழைவு. பெயர் விளக்கம் மட்டும். ஆறு அரிக்கிற மேடு என்பார்கள். அருகன் மேடு என்றும் சொல்வார்கள். இரண்டையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

2. செங்கல் இடிபாடு. "படம் எடுத்துக்கோங்க. ஆனா இது ரோமானியம் இல்லை." முதலிலேயே இதைச் சொல்லாவிட்டால் மற்ற ஆறு குறிப்பும் வீண்.

3. ஆற்றங்கரை. எகிப்திலிருந்து வணிகம் செய்த, கிரேக்கம் எழுதிய ஒருவரின் 'பெரிப்ளஸ்' என்ற கடல்வழிக் கையேடு கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. கமரா, பொதுக்கே, சோபத்மா என்று கிழக்குக் கரைத் துறைமுகங்களை அது அடுக்குகிறது. பொதுக்கே என்பது அரிக்கமேடு அல்லது புதுச்சேரிப் பகுதி என்பது பெரும்பாலானோர் ஏற்கும் கருத்து. மரங்களைப் பிணைத்துக் கட்டிய 'சங்கரா' என்ற உள்ளூர்க் கலங்களையும், கங்கைப் பக்கமும் அதற்கு அப்பாலும் போகும் பெரிய கப்பல்களையும் அதே நூல் சொல்கிறது. மேற்குக் கரையில் இறங்கிய சரக்கு இந்தப் பக்கத் துறைமுகங்களுக்கு வந்து சேர்ந்ததையும் குறிப்பிடுகிறது. அதனால் இத்தாலியச் சாடியைக் கடைசியாக இங்கே இறக்கியது தமிழ்நாட்டுப் படகோட்டியாகவே இருந்திருக்கலாம். பிச்சாவரம் பார்த்தவர்களுக்கு இந்தக் கரையில் நிற்கும் அலையாத்தி மரங்கள் பழக்கமானவை. ஒதுங்கிய கழிமுகம் கலங்களுக்கு எப்படி வசதி என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

4. கரையோரம் 60 எட்டு. வீலர் ஒரு நீளமான செங்கல் கட்டடத்தின் அடித்தளத்தைக் கண்டார். நீளம் சுமார் 150 அடி. கிடங்கு என்று கருதினார். பார்க்க எதுவும் இல்லாததால் "ஆற்றை ஒட்டி 60 எட்டு எண்ணி நடங்க" என்று சொல்லிவிட்டுக் குரல் நின்றுவிடும். நடந்து முடித்ததும் "நீங்க நடந்த தூரம்தான் அந்தக் கட்டடத்தின் நீளம்" என்கிறது. கூட வந்தவர்கள் எல்லோருக்கும் பிடித்தது இந்த நிறுத்தம்தான்.

5. தொட்டிகள். செங்கல் தொட்டிகளும் தண்ணீர் வர, போக வாய்க்கால்களும் கிடைத்தன. இது தோண்டி எடுத்த உண்மை. மெல்லிய துணிக்குச் சாயம் ஏற்றிய இடம் என்பது அதன் மேல் வைத்த ஊகம்.

6. மணிகள். கண்ணாடியைக் குழாயாக இழுத்துத் துண்டு துண்டாக நறுக்கும் சின்ன மணிகளை இந்தோ-பசிபிக் மணிகள் என்பார்கள். அவை உருவான முக்கியமான இடங்களில் ஒன்று அரிக்கமேடு. தென்கிழக்கு ஆசியா வரை இந்த வகை பரவியது. ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் இழுத்துச் செய்யும் முறை நம் காலம் வரை வந்திருக்கிறது. ரோமானிய வணிகத்தை மட்டும் பேசினால் கிழக்கே போன இந்தக் கதை விட்டுப்போகும். மழைக்குப் பிறகு மண்ணில் மணி மின்னினால் எடுக்காதீங்க. இது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட இடம், எடுப்பது குற்றம். சட்டத்தை விடுங்க, எந்த அடுக்கில் கிடந்தது என்ற தகவல் போய்விட்டால் அது வெறும் பாசிமணி.

7. மர நிழலில் உட்கார்ந்து கேட்பது. மேலே சொன்ன தலைப்பு மாற்றக் கதை.

காதுக்கு அடிக்குறிப்பு கிடையாது

கட்டுரையில் சந்தேகமான இடத்தில் ஓர் எண்ணைப் போட்டுக் கீழே விளக்கலாம். கேட்கிறவர் அப்படித் திரும்பிப் பார்க்க மாட்டார். "ரோமானியர் இங்கே நகரம் கட்டினார்கள்" என்று ஒரு பத்து வயதுப் பிள்ளை ஒருமுறை கேட்டுவிட்டால் அது அப்படியே தங்கிவிடும். அந்த வாக்கியத்தில், பானை செய்தவர், மணி நறுக்கியவர், படகோட்டியவர் யாருமே இருக்க மாட்டார்கள். இதை எதிர்க்கிறோம் என்று "எல்லாமே நம்முடையது, வெளியிலிருந்து எதுவும் வரவில்லை" என்று சொன்னாலும் அதே அளவு தவறு. அரிட்டைன் இத்தாலியக் கைவேலை. கிரேக்கத் தீவான கோஸ் பக்கத்து மதுச்சாடிகளின் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன.

அதனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்றாகப் பிரித்தேன்: மண்ணில் கிடைத்தது, பழைய நூலில் இருப்பது, ஆய்வாளர் ஊகிப்பது. குரலும் "கிடைத்தது", "எழுதியிருக்கிறார்", "கருதுகிறார்கள்" என்று வினைச்சொல்லை மாற்றிச் சொல்லும். மூன்று சொல்தான். கேட்பவர்கள் இரண்டாவது நிறுத்தத்திலேயே பிடித்துக்கொள்கிறார்கள்.

கொஞ்சம் தொழில்நுட்பம்

இடத்துக்கு வந்ததும் ஜிபிஎஸ் மூலம் தானாக ஒலிக்கும்படி செய்யலாம்தான். ஆனால் ஃபோன் ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே சில மீட்டர் தள்ளிக் காட்டும், மர நிழலில் இன்னும் மோசம். பக்கத்துப் பக்கத்து நிறுத்தங்களுக்கு அது சரிவராது. ஒவ்வொரு குறிப்பின் முடிவிலும் "ஆறு இடப்பக்கம் இருக்கட்டும், இடிபாட்டைத் தாண்டி நடங்க, நின்றதும் அடுத்ததைத் தட்டுங்க" என்று சொல்வதே போதும். ஒவ்வொன்றும் மூன்று நிமிடத்துக்குள், எம்பி3 கோப்பாக, வீட்டிலேயே இறக்கிக்கொள்ளும்படி இருக்கட்டும். ஒரு காதில் மட்டும் மாட்டுங்க, கூட வருகிறவர் பேசுவதும் கேட்க வேண்டும்.

போகிறவர்களுக்கு

கடலூர்ப் பக்கமிருந்து வரும்போது அரியாங்குப்பம்தான் முதலில் வரும். ஆனாலும் அங்கே இறங்காமல் நேரே புதுச்சேரி அருங்காட்சியகம் போய்விடுங்க (திங்கட்கிழமை வேண்டாம்). ஆம்போரா துண்டு, ரௌலட்டட் தட்டு, மணி மூன்றையும் கண்ணால் பார்த்துவிட்டுப் பிற்பகலில் மேட்டுக்கு வந்தால், குரல் சொல்லும்போது மனதில் உருவம் வரும். குடிநீரும் தொப்பியும் கட்டாயம்.

திரும்பும் வழியில் கடலூர் தாண்டி சிப்காட் பக்கம் காரைக்காடு வரும். அங்கேயும் அகழாய்வில் ரௌலட்டட் ஓடுகளும் மணிகளும் கிடைத்தன. பண்ருட்டி வட்டம் மருங்கூரில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2024-இல் தோண்டியபோதும் ரௌலட்டட் ஓடுகள் கிடைத்தன. இந்த இரண்டு ஊருக்கும் ஆளுக்கு ஒரு நிறுத்தம், மூன்று நிமிடம் போதும். அடுத்து அதைத்தான் எழுதிப் பதிவு செய்யப்போகிறேன். உங்கள் ஊர்ப் பக்கம் இப்படி ஒரு மேடு இருந்தால் நீங்களும் ஆரம்பிக்கலாம். அகழாய்வு அறிக்கையைப் படித்து, வாக்கியங்களை மூன்றாகப் பிரித்து, ஃபோனில் பேசிப் பதிவு செய்தால் போதும்.