வாள்சண்டைப் போட்டிக்குத் தயாராவது எப்படி?



நம் பள்ளியிலிருந்து இந்த வருடம் சில பேர் மாவட்ட அளவிலான வாள்சண்டைப் போட்டிக்குப் போகிறோம். "பொம்பளப் பிள்ளைக்குக் கத்தி எதுக்கு?" என்று எங்கள் ஆயா கேட்டது. "அடிபடாதா?" என்று வகுப்பில் கேட்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். கபடி, கோ-கோ விளையாடுபவர்களுக்கும் இது உதவும்.

விளையாட்டைப் பற்றி

வாள்சண்டை 1896-ம் ஆண்டு முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. இதில் ஃபாயில், எப்பி, சேபர் என்று மூன்று வகை வாள் உண்டு. நான் பிடிப்பது ஃபாயில். அதன் எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. அதற்குக் கூர்மை கிடையாது, நுனியில் ஒரு சின்ன பட்டன்தான் இருக்கும். எதிராளியின் நெஞ்சு, வயிறு, முதுகில் பட்டன் அழுந்தினால் கலர் விளக்கு எரியும். கையிலும் காலிலும் பட்டால் புள்ளி இல்லை. களம் 14 மீட்டர் நீளம். முதல் சுற்றில் ஒரு ஆட்டம் 3 நிமிடம். அதற்குள் முதலில் 5 புள்ளி எடுப்பவர் ஜெயிப்பார். அடுத்து வரும் நாக் அவுட்டில் 15 புள்ளி.

முதல் நாள் சாயங்காலம் செய்ய வேண்டியவை

1. வாளும் ஒயரும்: சட்டைக்குள் போகும் ஒயரை 'பாடி ஒயர்' என்பார்கள். வாளும் பாடி ஒயரும் இரண்டிரண்டு வேண்டும். வேலை செய்யாத வாளோடு களத்துக்குப் போனால் மஞ்சள் அட்டை. திரும்பவும் தப்பு நடந்தால் சிவப்பு அட்டை, எதிராளிக்கு ஒரு புள்ளி! நம்மிடம் ஆளுக்கு இரண்டு வாள் இல்லை. அதனால் யார் ஆடும்போது யார் வாள் கொடுப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

2. பட்டன்: நடுவர் வாள் நுனியில் 500 கிராம் எடை வைத்துப் பார்ப்பார். பட்டனின் ஸ்பிரிங் அதைத் தூக்க வேண்டும். தூக்காவிட்டால் அந்த வாள் செல்லாது. முதல் நாளே பி.இ.டி. சாரிடம் காட்டிவிட்டால் கவலை இல்லை.

3. உடை: ஜாக்கெட்டின் ஜிப் வாள் பிடிக்காத கைப்பக்கம் இருக்கும். இடது கைக்காரர்களுக்குத் தனி ஜாக்கெட் தேவை. முகமூடி வலையில் துருவோ குழியோ இருந்தால் போடவே கூடாது. பெண்களுக்கு நெஞ்சுக் கவசமும் கட்டாயம்.

4. தலைமுடி: ரெட்டைச் சடை முகமூடிக்குள் சரிவராது. ஒற்றைச் சடையாகத் தழையப் பின்னி ஜாக்கெட்டுக்குள் விட வேண்டும். முடி முதுகை மறைத்தால் நடுவர் விடமாட்டார்.

5. சாப்பாடு: ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் இட்லி போதும். பூரி, வடை வேண்டாம். தண்ணீர் பாட்டில் மறக்க வேண்டாம்.

நேரம் முக்கியம்

சென்னையைச் சேர்ந்த பவானி தேவி 2004-ல் பள்ளியில் படிக்கும்போது வாள்சண்டை பழகத் தொடங்கியவர். மின் வாள் விலை அதிகம் என்பதால் ஆரம்பத்தில் மூங்கில் குச்சியில்தான் பயிற்சி செய்தாராம். முதல் முறையாக வெளிநாட்டுப் போட்டிக்குத் துருக்கிக்குப் போனபோது அவருக்கு 14 வயது, என் வயதுதான். மூன்று நிமிடம் தாமதமாக வந்ததற்குக் கறுப்பு அட்டை கொடுத்து வெளியேற்றிவிட்டார்கள். அவர் அதோடு விட்டுவிடவில்லை. 2021-ல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் ஆடிய முதல் இந்திய வாள்சண்டை வீராங்கனை அவர்தான்!

மனசைத் தயார் செய்வது

எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமாகத் தெரிகிறது. ஐந்து புள்ளி ஆட்டத்தில் ஒரு புள்ளி போனதும் கோபம் வரும். உடனே பாய்வோம். அந்த அவசரத்திலேயே இன்னும் இரண்டு புள்ளி போய்விடும். முதல் புள்ளியை எடுத்தது எதிராளி. அடுத்த இரண்டை நாமே தூக்கிக் கொடுத்தது.

ஆனால் விதியிலேயே இதற்கு மருந்து இருக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்குப் பிறகும் இருவரும் அவரவர் கோட்டுக்குத் திரும்ப வேண்டும். அந்தச் சில அடி நடைதான் நமக்குக் கிடைக்கும் நேரம். அப்போது மூச்சை மெதுவாக வெளியே விட வேண்டும். "இப்போ எப்படி வாங்கினேன்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். பக்கத்தில் போய் வாங்கினால் அடுத்த முறை தள்ளி நிற்க வேண்டும். அவ்வளவுதான். போன புள்ளியைக் கோட்டிலேயே விட்டுவிட வேண்டும்.

நம் ஆட்டம் வரும்வரை மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்கலாம். இடது கையா? முதலில் பாய்கிறாரா, காத்திருக்கிறாரா? இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். நிறைய யோசித்தால் கை கட்டிப்போய்விடும். படபடப்பு எல்லோருக்கும் வரும். எதிரில் நிற்பவருக்கும் முகமூடிக்குள் அதே படபடப்புதான், நமக்குத் தெரிவதில்லை.

தோற்றால்?

டோக்கியோவில் பவானி தேவி முதல் ஆட்டத்தில் 15-3 என்று ஜெயித்து, அடுத்ததில் 7-15 என்று தோற்றார். 2023-ல் ஆசிய வாள்சண்டை சாம்பியன்ஷிப் போட்டியில் வெண்கலம் வாங்கி, அதில் இந்தியாவுக்கு முதல் பதக்கம் கொண்டுவந்தார்.

இந்த விளையாட்டில் தொடங்கும் முன் வாளை உயர்த்தி எதிராளிக்கும் நடுவருக்கும் வணக்கம் சொல்ல வேண்டும். முடிந்ததும் மறுபடியும் வணக்கம். தோற்றவரும் சொல்லியாக வேண்டும். 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பார்கள். ஒயர் சரியில்லை, நடுவர் சரியில்லை என்று சொல்லாமல், முகமூடியைக் கழற்றி நிமிர்ந்து நின்று வணக்கம் சொல்வதற்கும் சேர்த்துத்தான் தயாராக வேண்டும்.

போட்டிக்குப் போகும் எல்லோரையும் வாழ்த்துங்கள். ஆர்வம் உள்ள தங்கைகள் சாயங்காலம் மைதானத்துக்கு வாருங்கள்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி