வெளியே சொல்லக் கூச்சப்படும் நோய்
மலச்சிக்கலைப் பற்றி ஆராய்ச்சிகள் கற்றுத் தந்தவை



காய்ச்சல் வந்தால் பக்கத்து வீட்டாரிடமும் சொல்லுகிறோம். இரத்த அழுத்தம், சர்க்கரை என்றால் ஆராதனை முடிந்து வெளியே வரும்போதே ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளுகிறோம். ஆனால் மலச்சிக்கலைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. மருத்துவரிடம்கூட வேறு நான்கு காரியங்களைச் சொல்லிவிட்டு, எழுந்து போகும் நேரத்தில்தான் தயங்கித் தயங்கிச் சொல்லுகிறோம். குறிப்பாகத் தாய்மார்கள் இதைப் பல ஆண்டுகள் மனதிற்குள்ளேயே வைத்துக்கொள்ளுகிறார்கள்.

ஒரு தாயாரை எண்ணிப் பாருங்கள். கீரை சாப்பிடுகிறார், தண்ணீர் நிறையக் குடிக்கிறார், கடையில் வாங்கிய பேதி மாத்திரையும் போடுகிறார். ஆனாலும் தினமும் அரைமணி நேரம் முக்க வேண்டியிருக்கிறது. "இன்னும் கொஞ்சம் கீரை சாப்பிடுங்கள்" என்றே எல்லாரும் சொல்லுகிறார்கள். குறை தன்னிடத்தில்தான் என்று அவரும் நம்பிவிடுகிறார். இப்படிப்பட்டவர்களுக்கு மருத்துவ ஆராய்ச்சி ஒரு நல்ல செய்தியைத் தந்திருக்கிறது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மிஷன் மருத்துவமனைகளின் பங்கு

இந்த வரலாற்றில் மிஷன் மருத்துவமனைகளுக்கு ஓர் இடம் உண்டு என்பதைப் பலர் அறியார். டெனிஸ் பர்கிட் என்பவர் அயர்லாந்தில் 1911ல் பிறந்தவர், விசுவாசமுள்ள கிறிஸ்தவர். சிறுவயதிலேயே ஒரு கண்ணை இழந்தும் அறுவை மருத்துவரானார். 1946ல் உகாண்டாவுக்குச் சென்று பல ஆண்டுகள் பணிபுரிந்தார். ஆப்பிரிக்கக் குழந்தைகளின் தாடையில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோயை 1958ல் விவரித்தவர் இவரே. அந்நோய் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

பின்னர் அவர் மனதை வேறொரு கேள்வி ஆட்கொண்டது. மேல்நாடுகளில் சாதாரணமாகக் காணப்படும் சில குடல் நோய்கள், ஆப்பிரிக்க கிராமங்களில் ஏன் இவ்வளவு அரிதாக இருக்கின்றன? இதற்கு விடை காண அவர் பெரிய ஆய்வுக்கூடம் எதையும் கட்டவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட மிஷன் மருத்துவமனைகளுக்குக் கடிதம் எழுதி, அங்கே எந்த நோய்கள் வருகின்றன, எவை வருவதில்லை என்று கேட்டுத் தகவல் திரட்டினார். தொலைதூரக் கிராமங்களில் பணிபுரிந்த மருத்துவர்களும் செவிலியர்களும் தவறாமல் எழுதி வைத்த பதிவேடுகளே அவருக்கு ஆதாரமாயின.

1972ல் அவரும் வாக்கர், பெயின்டர் என்ற இரு உடன் ஆய்வாளர்களும் ஒரு முக்கியமான கட்டுரையை வெளியிட்டார்கள். எக்ஸ்ரே படத்தில் தெரியும் சிறு துணுக்குகளை மக்களை விழுங்கச் செய்து, அவை வெளிவர எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கணக்கெடுத்தார்கள். நார்ச்சத்து மிகுந்த உணவை உண்ட உகாண்டா கிராமத்தாருக்கு ஏறத்தாழ ஒன்றரை நாள் ஆயிற்று. வெள்ளை ரொட்டியும் சர்க்கரையும் உண்ட இங்கிலாந்துக் குழுவினர் ஒன்றுக்கு மூன்று நாட்களுக்கும் மேல் ஆயிற்று. கிராமத்தார் ஒரு நாளில் கழித்த மலத்தின் எடை 400 கிராமுக்கும் மேல்; இங்கிலாந்துக் குழுவினருடையது ஏறத்தாழ 100 கிராம் மட்டுமே. "நார்ச்சத்து சாப்பிடுங்கள்" என்று மருத்துவர்கள் இன்று கூறும் ஆலோசனை உலகெங்கும் பரவ இவ்வாராய்ச்சி பெரிதும் காரணமாயிற்று.

கீரை போதாதவர்கள்

நார்ச்சத்து பலருக்கு உதவுகிறது, எல்லாருக்கும் அல்ல. ஏன்?

நம் இடுப்பின் அடிப்பகுதியில் தசைகள் ஒரு தொட்டிலைப்போல விரிந்து, சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் ஆகியவற்றைத் தாங்குகின்றன. அவற்றுள் ஒரு தசை, மலக்குடலைப் பின்னாலிருந்து வார் போட்டதுபோல முன்புறமாக இழுத்துப் பிடித்திருக்கிறது. இதனால் குடல் அவ்விடத்தில் வளைந்து மடிகிறது. தண்ணீர்க் குழாயை மடித்துப் பிடித்தால் தண்ணீர் நிற்கிறதல்லவா? அதுபோல இந்த வளைவு மலத்தைத் தடுத்து வைக்கிறது. மலம் கழிக்கும்போது வயிறு அழுத்தம் தர வேண்டும். அதே நேரத்தில் இந்தத் தசை தளர வேண்டும். அப்போது வளைவு நிமிர்ந்து வழி திறக்கும்.

சிலருக்கு இந்த ஒழுங்கு மாறிவிடுகிறது. முக்கும்போது தளரவேண்டிய தசை இறுகிக்கொள்ளுகிறது. கதவைச் சாத்திவிட்டு உள்ளேயிருந்து தள்ளுவதற்கு இது ஒப்பாகும். எவ்வளவு முக்கினாலும் பயனில்லை. முக்க முக்கக் கதவு இன்னும் இறுகுகிறது. நீண்டகால மலச்சிக்கலுக்காகப் பெரிய சிறப்பு மையங்களுக்கு வருவோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கோ அதற்கு மேற்பட்டவர்களுக்கோ இக்குறை இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்கும் ஒரு சோதனை மிக எளியது. சிறு பலூன் ஒன்றை மலக்குடலில் வைத்து, 50 மில்லி தண்ணீரால் நிரப்பி, கழிப்பறையில் அமர்ந்து அதை வெளியேற்றச் சொல்லுவார்கள். பெரும்பாலோர் ஒரு நிமிடத்திற்குள் வெளியேற்றிவிடுவார்கள். முடியாவிட்டால் தசைகளின் அழுத்தத்தை அளந்து மேலும் ஆராய்வார்கள்.

தசைக்குப் பாடம் கற்பித்தல்

தவறாகப் பழகிய தசைக்குச் சரியான பழக்கத்தைக் கற்றுக்கொடுக்க முடியும். இந்தப் பயிற்சிக்குப் 'பயோஃபீட்பேக்' என்று பெயர். ஆசனவாயில் பொருத்தும் மெல்லிய கருவி தசையின் இறுக்கத்தைத் திரையில் கோடாகக் காட்டுகிறது. தான் எப்போது இறுக்குகிறோம், எப்போது தளர்த்துகிறோம் என்று நோயாளி தன் கண்ணாலேயே பார்த்துக் கற்றுக்கொள்ளுகிறார். கத்தியும் இல்லை, மருந்தும் இல்லை.

இது உண்மையில் பயன் தருகிறதா என்று இத்தாலியில் ஆராய்ந்தார்கள். 2006ல் வெளியான அந்த ஆய்வில், இத்தசைக் குறையுள்ள 109 பேரைச் சீட்டுக் குலுக்குவதைப்போல இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு வாரம் ஒருமுறை வீதம் ஐந்து பயிற்சிகள். மறு பிரிவினருக்கு மலமிளக்கி மருந்தும் ஆலோசனையும். ஆறு மாதங்களுக்குப் பின், பயிற்சி பெற்றவர்களில் 80 சதவீதத்தினர் பெரிய முன்னேற்றம் கண்டார்கள். மருந்து பெற்றவர்களில் 22 சதவீதத்தினரே. இரண்டு ஆண்டுகள் சென்ற பின்னும் அப்பயன் நிலைத்திருந்தது.

அதே ஆய்வாளர்கள் 2005ல் இன்னொன்றையும் காட்டியிருந்தார்கள். தசைக் குறை உள்ளவர்களில் 71 சதவீதத்தினர் பயிற்சியால் திருப்தியடைந்தார்கள். தசைக் குறையின்றிக் குடலின் ஓட்டம் மட்டும் மந்தமாக இருந்தவர்களில் 8 சதவீதத்தினரே. ஆகவே ஒரே பெயரால் நாம் அழைக்கும் மலச்சிக்கலுக்குள் வெவ்வேறு நோய்கள் உண்டு. காரணத்தை அறியாமல் எல்லாருக்கும் ஒரே சிகிச்சை அளிப்பது வீண்.

போலிச் சிகிச்சை எதற்காக?

"பலன் கிடைத்தது என்று நோயாளிகளே சொல்லும்போது, இத்தனை ஆராய்ச்சி எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். அதற்கு இதோ ஒரு பதில்.

மலத்தை அடக்க முடியாமல் தவிப்போருக்கு, கணுக்காலின் அருகே மெல்லிய ஊசி வைத்து நரம்பைத் தூண்டும் சிகிச்சை ஒன்று இங்கிலாந்தில் பரவி வந்தது. பலரும் நலமடைந்ததாகச் சொன்னார்கள். பின்பு 227 பேரை வைத்து முறையான சோதனை நடத்தினார்கள். பாதிப்பேருக்கு உண்மைச் சிகிச்சை. மற்றவர்களுக்கு அதேபோலத் தோன்றும் போலிச் சிகிச்சை. யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. 2015ல் முடிவு வெளியானது. உண்மைச் சிகிச்சையில் 38 சதவீதத்தினரும், போலிச் சிகிச்சையில் 31 சதவீதத்தினரும் முன்னேற்றம் கண்டார்கள். இரண்டுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. அன்போடு கவனிக்கப்படுவதே பலருக்கு ஆறுதல் தந்திருக்கிறது. அது நல்லதுதான். ஆனால் பயனற்ற கருவிக்காக ஏழை ஒருவர் கடன் வாங்கிச் செலவழிக்க நேர்ந்தால் அது அநியாயமல்லவா?

பயோஃபீட்பேக்கும் சோதனைக்கு விலக்கல்ல. 2021ல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்றில், நாட்பட்ட மலச்சிக்கலுள்ள பலவகை நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். கழிப்பறைப் பழக்கங்களை அக்கறையோடு கற்றுக்கொடுப்பதைவிட, அதனுடன் கருவியையும் சேர்ப்பதால் கூடுதல் பயன் தெரியவில்லை. திட்டமிட்ட அளவுக்கு நோயாளிகள் அதில் சேராததால் அது இறுதித் தீர்ப்பல்ல. ஆயினும், கருவி இல்லாத சிறு மருத்துவமனையிலும் பொறுமையுள்ள ஒரு செவிலியரால் மிகுந்த நன்மை செய்ய முடியும் என்ற நம்பிக்கையை அது தருகிறது.

நீங்கள் செய்யக்கூடியவை

1. மலம் கழிக்கும் உணர்வு வந்ததும் ஒத்திப்போடாதீர்கள். காலை உணவுக்குப் பின் குடல் தானாகவே இயங்கும். அந்நேரத்தை ஒதுக்கி வையுங்கள்.

2. மேல்நாட்டுக் கழிப்பறையில் அமர்வோர் காலடியில் சிறு முக்காலி வைத்து, முழங்கால்களை உயர்த்தி அமருங்கள். மூச்சைப் பிடித்து முக்க வேண்டாம்.

3. பழம், காய்கறி, தவிடு நீக்காத தானியம், பயறு ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். தண்ணீரும் போதிய அளவு குடியுங்கள்.

4. இவற்றால் பயனில்லையென்றாலோ, கையால் அழுத்தினால்தான் மலம் வருகிறது என்றாலோ, தசைக் குறை இருக்கலாம். மருத்துவரிடம் கூச்சமின்றிச் சொல்லுங்கள்.

5. மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, இரத்தசோகை, நடுவயதுக்குப் பின் திடீரென ஏற்படும் மாற்றம் ஆகியவை இருந்தால் தாமதிக்கவே கூடாது.

அன்பானவர்களே, பர்கிட் 1993ல் காலமானார். அவருக்குத் தகவல் அனுப்பிய செவிலியர்களில் பெரும்பாலோரின் பெயர் இன்று நமக்குத் தெரியாது. அவர்கள் செய்ததெல்லாம், வந்த நோயாளியை அன்போடு விசாரித்து, கேட்டதை உண்மையாக எழுதி வைத்ததே. உங்கள் வீட்டிலும் இந்த வேதனையை மறைத்துக்கொண்டிருக்கும் தாயாரோ, மாமியாரோ, பெரியவரோ இருக்கக்கூடும். இன்றே அவரிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். அவருக்கு வேண்டிய உதவி அந்த ஒரு கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.